அம்மா சும்மா உட்கார்ந்திருந்த படம்

1

அம்மாவின் முகத்தை இந்த ஊரில் நான் முதன்முதலில் பார்த்தது, மீன் வாங்கப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள்.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். கல்யாணமாகி கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து இங்கே வந்து இருபது வருடம் ஆகப் போகிறது. இந்த நிறுத்தத்தில் வங்கிக் கடன், பற்பசை, நாய்த் தீனி என்று எத்தனையோ விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே என் அம்மா உட்கார்ந்திருந்தாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, பச்சைப் பூப்போட்ட நைட்டி, தோளில் ஈரிழைத் துண்டு. கைகள் இரண்டும் மடியில். பார்வை நேராக என்மேல். கீழே, நகர நூலகத்தில் நடக்கப்போகும் திரைப்பட வாரத்தின் அறிவிப்பு. இயக்கம் என்ற இடத்தில், ஊரில் எங்கள் வீட்டில் வளர்ந்த ரெம்யாவின் பெயர்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அது என் அம்மா' என்று சொல்ல வாய்வரை வந்தது. உங்கள் அம்மாவை ஏன் வேறொருத்தி படம் எடுத்தாள் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். அவர் கேட்டிருக்கமாட்டார். இங்கே பேருந்து நிறுத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டது எனக்குள்ளே இருந்த ஆள்தான்.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். ஆதங்கம், மனவருத்தம் என்று கொஞ்சம் கௌரவமான சொற்களைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. வயிறு எரிந்தது. மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பி, அம்மாவை ஃபோனில் பிடித்தேன்.

"ரெம்யா படத்துல சும்மா ஒரு சீன்ல நடந்தேன்னுதானே சொன்ன?"

"ஆமா, நடந்தேன். பின்னே கொஞ்சம் உக்காந்தேன்."

"இங்க பஸ் ஸ்டாப்புல உன் போட்டோவ ஒட்டி வச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அய்யோ, எல்லாம் பொளிஞ்சு போச்சே! உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு ரெம்யா சொல்லியிருந்தா. விசா கிட்டிடுச்சு, கேட்டியா? அடுத்த வாரம் நான் அங்க வரேன்."

என் அம்மா என் ஊருக்கு வருகிற செய்தியை என்னிடமிருந்தே ஒளித்து வைக்கச் சொல்ல இன்னொருத்திக்கு உரிமை இருக்கிறது. ஃபோனை வைத்த பிறகு இதை நினைத்து நினைத்துத்தான் அன்றைக்குச் சமையலே ஓடியது. குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

2

ரெம்யா, தமிழ்க் குடும்பங்கள் வரிசையாக இருந்த எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டுப் பெண். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. விடியும் முன்பே இருவரும் கிளம்பிவிடுவதால் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுப்போவார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு நான்தான் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினேன். என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு வெலிங்டன் தீவில் ஒரு அலுவலக கேன்டீனில் சமையல் வேலை. காலை போட்டில் போனால் சாயங்கால போட்டில் திரும்புவாள். திரும்பிய பிறகு எங்கள் இருவருக்கும் மறுபடி சமையல்.

நான் கல்யாணமாகி விமானம் ஏறினேன். ரெம்யா அங்கேயே இருந்தாள். யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மர யானைகளையும் பித்தளை விளக்குகளையும் இணையத்தில் விற்பதற்காகப் படம் எடுத்துக்கொடுத்தாள். கேமரா அப்படித்தான் அவள் கைக்கு வந்தது. அப்புறம் கல்யாண வீடியோ, குறும்படம், இப்போது முழு நீளப் படம். படத்தில் பேசுவது எங்கள் லைனின் தமிழ். ஆனால் ரெம்யாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. வசனம் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதித்தான் படம் எடுத்தாள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஒரு இடத்திலாவது நான் ஒரு படி மேலே.

ஏனென்றால் சினிமா என்னுடைய சொத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இணைய இதழ்களில் என் கட்டுரைகளைச் சிலர் படித்திருப்பீர்கள். ஈரானில், செனகலில், அர்ஜென்டினாவில், நம் நாட்டில் பெண்கள் எடுக்கிற படங்களைப் பற்றியே வருடக்கணக்காக எழுதி வருகிறேன். நம்மைப் போன்ற ஏழை நாடுகளின் சினிமாவில் அம்மா என்றால் ஒரு கண்ணீர்க் குழாய், வேண்டும்போது திறப்பார்கள், பெண்கள் கேமராவைப் பிடித்தால்தான் அந்தக் குழாய் மூடும் என்று முழங்கியிருக்கிறேன். நிறைய பேர் பாராட்டினார்கள்.

அதே மடிக்கணினியில் என்னுடைய திரைக்கதை ஒன்றும் இருக்கிறது. இங்கே வந்த புதிதில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு அம்மா. மகள் வெளிநாடு போகிறாள். அம்மா படகுத்துறையில் அழுகிறாள். மழை பெய்கிறது. கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுகிறாள். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுகிறாள். எழுதும்போது நானும் அழுவேன். அழுதுவிட்டுப் போய் அடுத்த கட்டுரையில் கண்ணீர்க் குழாயைத் திட்டுவேன்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

3

விசா கதையைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு என் எரிச்சலின் முழு அளவு தெரியாது.

அம்மாவை இங்கே கூட்டிவர நான் ஏறாத படி இல்லை. என் சம்பளச் சான்று, கணவரின் சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம், அம்மா எங்கே படுப்பாள் என்பதற்கு அறையின் படம், எல்லாம் வைத்து விண்ணப்பித்தோம். மறுத்தார்கள். காரணம் நாகரிகமாக எழுதியிருந்தது. விண்ணப்பதாரர் விதவை, பணி ஓய்வு பெற்றவர், ஒரே மகள் இங்கே இருக்கிறார், ஆகவே அவர் திரும்பிப் போவார் என்று நம்ப இடமில்லை. அடுத்த முறை மேல்முறையீடு செய்தேன். அதே பதில், கொஞ்சம் நீளமாக. அவள் என்னிடமிருந்து பிரியமாட்டாள் என்று அரசாங்கமே எழுத்தில் சொல்கிறது பார் என்று என் கணவரிடம் காட்டினேன். கோபத்துக்கு நடுவே எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்த முறை விழாக்காரர்கள் அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். தொழில் என்ற இடத்தில் ரெம்யா 'நடிகை' என்று நிரப்பினாள். அடுத்த மாதம் இன்னொரு படப்பிடிப்பு இருப்பதாக ஒரு தயாரிப்பாளரின் தாளும் இணைத்தாள். அம்மா விசா அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு வந்து, வழியில் பழம்பொரி தின்று, வீட்டுக்கு வந்து துணி துவைத்து முடிக்கும் முன்பே காரியம் நடந்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றியது.

மகளைப் பார்க்க வருகிற தாயை நம்பமாட்டார்கள். நடிகையை நம்புவார்கள்.

4

விமான நிலையத்தில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்தாள், என் கன்னத்தைக் கிள்ளினாள், மெலிந்துவிட்டேன் என்றாள். நான் மெலியவில்லை. அம்மாதான் ஒரு சுற்று பெருத்து, முடியைத் தோளோடு வெட்டி, நன்றாக இருந்தாள். பின்னால் ரெம்யா இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சேச்சி, அம்மைய கண்டோ? மூணு ஃப்ளைட்டுலயும் சன்னல் சீட்டு வேணும்னு அடம்."

அம்மை. என் அம்மாவை.

வீட்டில் அறை ஒழித்து, புது மெத்தை விரிப்பு போட்டு, குளியலறைக்கு வழுக்காத மிதியடி வாங்கி வைத்திருந்தேன். அம்மா காரில் ஏறியதும் கேட்டாள்: "ஹோட்டலு தூரமா?"

"எதுக்கு ஹோட்டல்? வீட்டுல உனக்கு ரூம் இருக்கே."

"விழாக்காரங்க ரூம் போட்டிருக்காங்கடி. துபாய் ஏர்போர்ட்டுல வச்சு ரெம்யா படம் காமிச்சா. காலையில எழுந்து போனா ஆள் வந்து மெத்தைய மடக்கி வச்சிடுமாம். டவல் கூட நாம அலக்க வேண்டாமாம். ரெண்டு நாள் இருந்து பாக்கறேனே."

இரண்டு நாள் இருந்து பார்ப்பது கடைசிவரை நீண்டது. பகலில் என் வீடு, சாப்பாடானதும் ஹோட்டல், பக்கத்து அறையில் ரெம்யா. நான் கப்பைக் கிழங்கு தேடிப் பிடித்து வேகவைத்து, மீன்கறி வைத்தேன். அம்மா சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவ எழுந்திருப்பாள், தடுக்கவேண்டும் என்று தயாராக இருந்தேன். எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே மழையைப் பார்த்தாள். என் நினைவில் அம்மாவின் கைகள் சும்மா இருந்த ஒரு நாள்கூட இல்லை. யாரோ வேறு ஒரு அம்மாளைக் கூட்டிவந்துவிட்டது போல் இருந்தது.

தான் நடிக்கப் போன கதையை அம்மாவே சொன்னாள். இந்த வேடத்துக்கு முதலில் பேசியிருந்தது ஒரு சீரியல் நடிகையை. அவர் நாற்காலியில் உட்காரும்போதே கண்ணில் நீர் நிறைத்துக்கொண்டாராம், வேண்டாம் என்றாலும் நிற்கவில்லையாம். ரெம்யா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, வேடிக்கை பார்க்க நின்ற அம்மாவை உள்ளே இழுத்துவிட்டாள். முதல் நாள் ஒரு சமையலறைக் காட்சி. எச்சில் பாத்திரங்கள் குவிந்து கிடக்கவேண்டும். பாதி எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

"எல்லாரும் சோறு தின்ன போனாங்க. நான் பாத்தேன், பாத்திரம் அப்படியே கெடக்கு. ஈ மொய்க்குது. தேய்ச்சுக் கவுத்தி வச்சேன். அடுப்புத் திட்டையும் தொடச்சேன். அந்த மஞ்சக்கறை புடவை ஒண்ணு கட்டக் குடுத்திருந்தாங்க இல்ல, அதையும் அலக்கி வெயில்ல போட்டேன்."

"கேமராமேன் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு" என்றாள் ரெம்யா. "அந்தக் கறை உண்டாக்க எங்களுக்கு ஒரு காலை முழுக்க ஆச்சு சேச்சி. பகுதி நாள் போச்சு."

"இவ திட்டவே இல்ல பாத்துக்க. நடு அடுக்களையில ஒரு நாற்காலியப் போட்டா. அம்மை பத்து நிமிஷம் இதுல சும்மா உக்காரணும், கை மடியில இருக்கணும்னா. எனக்கு முடியல. கை தன்னால முந்தானைய எடுத்து நாற்காலியத் தொடைக்குது! நாலு நாள் ஆச்சு எங்களுக்கு, நான் சும்மா இருக்கப் படிக்க."

பிறகு ரெம்யா எழுதி வைத்திருந்த கதையையே தூக்கிப்போட்டுவிட்டு, சும்மா உட்காரப் பழகுகிற ஒரு பெண்ணைப் பற்றிப் படம் எடுத்தாளாம். எங்களுக்கு, எங்கள் படம், நாங்கள் எடுத்தோம் என்று அம்மா பேசிக்கொண்டே போனாள். அந்த 'எங்கள்' என்பதில் நான் இல்லை. எழுந்துபோய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவினேன்.

என் மகள் மீரா அவர்களோடு ஒட்டிக்கொண்டாள். பதினெட்டு வயது. என்னோடு ஒரு படம் பார்க்க அழைத்தால் தலைவலி என்பவள், காலை உணவுக்கு ஹோட்டலுக்கே போய்விடுவாள். மீராவுக்குத் தமிழ் பாதிதான் புரியும், பேச்சு எல்லாம் நார்வேஜிய மொழியில்தான். ரெம்யாவோடு ஆங்கிலத்தில் அரட்டை. வருகிற ஆகஸ்டில் மீரா கால்நடை மருத்துவம் படிக்க ஹங்கேரி போகிறாள். அதைப்பற்றி நானும் அவளும் பேசி நாளாகிவிட்டது. அவள் ஆரம்பித்தால் என் முகம் மாறும், அவள் எழுந்து அறைக்குப் போய்விடுவாள். ரெம்யாவிடம் அவள் போகப்போகும் ஊரின் படங்களை எல்லாம் காட்டியிருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை.

5

படம் சனிக்கிழமை மதியம். அரங்கு நிறைந்திருந்தது. கையில் கொடுத்த தாளில் 'குரலற்ற ஒரு பெண்ணின் கதை' என்று போட்டிருந்தது. குரலற்றவளா? என் அம்மா படகுத்துறையில் நின்று கூப்பிட்டால் போய்க்கொண்டிருக்கிற போட் நிற்கும்.

படம் மகள் கிளம்புவதில் தொடங்குகிறது. எங்கள் லைன், எங்கள் வீட்டு வாசல். ஆட்டோவில் பெட்டி ஏறுகிறது. ஆட்டோ முக்கில் திரும்புகிறது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அழுவாள், அந்த இடத்தில் அம்மா எப்படி அழுதிருப்பாள் என்பதைத்தானே நான் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் அம்மா கதவைச் சாத்தினாள். சாயா போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு தரையில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். பின்னணி இசை கிடையாது. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

அதற்குப் பிறகு படம் முழுவதும் அவள் உட்கார்ந்திருக்கிறாள், லைன் மொத்தமும் பதறுகிறது. பெரியம்மாக்கள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பள்ளுருத்தியிலிருந்து கொழுந்தன் ஆட்டோ பிடித்து வந்து, மந்திரித்த கயிறு கட்டுகிறான். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா இருக்கிறேன் என்று அவள் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல படம். ஒரு இடத்திலாவது சொதப்பியிருக்கக்கூடாதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்தச் சின்னப் பெண், நான் ரிப்பன் கட்டி அனுப்பியவள், நான் கட்டுரைகளில் கேட்ட படத்தை எடுத்துவிட்டாள், அதுவும் என் அம்மாவை வைத்து.

படம் முடிந்து மூவருக்கு மேடையில் நாற்காலி. ரெம்யா, அம்மா, மொழிபெயர்க்கச் சாந்தினி. சாந்தினி யாழ்ப்பாணத்துக்காரி, என்னோடு வேலை செய்பவள். என் பிழைப்பும் மொழிபெயர்ப்புதான். ஆஸ்பத்திரி, காவல் நிலையம், குழந்தைகள் நல அலுவலகம் என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போவோம். எங்கள் தொழிலின் விதி கறாரானது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கவும் கூடாது.

முதல் கேள்விக்கு ரெம்யா ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டாள். அடுத்து அம்மா பேச ஆரம்பித்தாள். தமிழில் தொடங்கி மலையாளத்தில் புகுந்து, மறுபடி தமிழுக்கு வந்து ஓடியது பேச்சு. சாந்தினி திணறினாள். ஒலிவாங்கியை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, "அக்கா, அவ கதைக்கிறது எனக்குப் பாதி விளங்கேல்ல. நீங்கள் வாங்கோ" என்றாள். விதியைச் சொன்னேன். "இது கோர்ட் இல்லையே, வாங்கோ" என்றாள். மேடையேறி, சாந்தினி எழுந்து கொடுத்த நாற்காலியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என் முழங்காலைத் தட்டினாள்.

முன் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். அன்பான முகம். "மகள் போகும்போது அந்தத் தாய் அழவில்லையே. உங்கள் நாட்டில் பெண்கள் துக்கத்தை வெளியே காட்ட அனுமதி இல்லை என்பதாலா?"

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அனுமதியா? அழ யாருகிட்ட அனுமதி கேக்கணும்? அது அப்படி இல்ல மோளே. அது நான் நடிச்சதும் இல்ல. என் பொண்ணு வெளிநாடு போன அன்னிக்கு நான் அப்படித்தான் இருந்தேன். கேன்டீனுக்கு லீவு சொல்லியிருந்தேன். ஆட்டோ முக்குல திரும்பிச்சு, கதவ சாத்தினேன். சாயா போட்டேன். அன்னிக்குத்தான் அந்தச் சாயாவ யாருக்கும் பங்கு வைக்காம, ஆறாம, முழுசும் நானே குடிச்சேன். அவ நல்லா பொழைச்சுக்குவா, தெரியும். எனக்கு எந்த வேலையும் இல்ல. படுத்தேன், சுகமா உறங்கினேன். எழுந்தப்ப விளக்கு வைக்கிற நேரம். ஜென்மத்துல அப்படி ஒரு உறக்கம் உறங்கினதில்ல."

சொல்லிவிட்டுத் திரும்பி, 'சொல்லு' என்பது போல் என்னைப் பார்த்தாள்.

அரங்கம் காத்திருந்தது. கூட்டலாம், குறைக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? மீராவையும் சாந்தினியையும் ரெம்யாவையும் தவிர அங்கே எவருக்கும் அம்மாவின் பேச்சு புரிந்திருக்காது, மீராவுக்கும் சாந்தினிக்கும் பாதிதான், ரெம்யாவுக்கோ நார்வேஜிய மொழி தெரியாது. இத்தனை வருடமாக நான் சுமந்து வந்த அம்மா, படகுத்துறையில் மழையில் அழுகிற அம்மா, அந்த ஒரு நிமிடத்தில் என்னிடமிருந்து கழன்று போய்க்கொண்டிருந்தாள். ஆனால் தொழில் பழக்கம் பொல்லாதது. வாய் தானாகத் திறந்தது.

"என் மகள் போன அன்று நான் அழவில்லை" என்று நார்வேஜிய மொழியில் தொடங்கினேன். "கதவைச் சாத்தினேன். தேநீர் போட்டேன். முழுவதையும் நானே குடித்தேன். அவள் நன்றாக வாழ்வாள் என்று எனக்குத் தெரியும்." கடைசிவரை, ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அரங்கம் சிரித்தது, பிறகு கைதட்டியது. கேள்வி கேட்ட பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதது அங்கே அவர் ஒருவர்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

6

ஹோட்டலுக்குத் துறைமுக ஓரமாக நடந்தோம். ரெம்யாவும் மீராவும் முன்னால் போனார்கள். மழை விட்டிருந்தது.

"ஒரு மாசம் அழுதேன்னு அப்ப ஃபோன்ல என்கிட்ட சொன்னியே" என்றேன்.

"சொன்னேன்."

"பொய்யா?"

"பின்னே? நீ அந்நிய நாட்டுல தனியா இருந்துட்டு ஏங்கி ஏங்கி அழுற. அம்மா நீ அழுதியான்னு கேக்குற. நான் நல்லா உறங்கினேன்டின்னு சொன்னா நல்லா இருக்குமா?"

"ரெம்யாகிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

"நானா சொல்லல. அவ கேக்கவும் இல்ல. நாற்காலியில சும்மா உக்கார வச்சாளே, அப்ப அது தன்னால வாயில வந்துச்சு. அதுவரைக்கும் எனக்கே மறந்து போயிருந்துச்சு, மனசிலாச்சா?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல இஷ்டம் இல்லாம உறங்கல, கேட்டியா. பயம் இல்லாததால உறங்கினேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் சமாதானம் ஆகியிருக்கவேண்டும். கதையாக இருந்தால் ஆகியிருப்பேன். ஆகவில்லை. இதையும் நான் ஒரு படத்தின் வழியாகத்தானே கேட்கவேண்டியிருந்தது என்று இருந்தது. விசா இன்னும் பல வாரங்களுக்கு இருக்கிறதே, ஒரு மாதம் தங்கிவிட்டுப் போயேன் என்று கேட்டேன்.

"முடியாதுடி. அடுத்த மாசம் ஷூட்டு. ஜட்ஜி வேஷம்."

"ஜட்ஜா?"

"ஆமா. ஜட்ஜின்னா முழுப் படமும் உக்காந்தே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றெரிச்சலோடும் சிரிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனார்கள். விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. உள்ளே போவதற்கு முன்பு ஒரு தடவை திரும்பி, கையை நன்றாக உயர்த்தி ஆட்டினாள். சன்னல் சீட்டு கிடைக்கவேண்டும் என்கிற அவசரம் நடையில் தெரிந்தது.

7

அடுத்த நாள் காலை அந்தத் திரைக்கதையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையை எடுத்துவிடலாமா, அழுகையைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் அது ரெம்யாவின் படமாக ஆகிவிடும். மூடிவிட்டேன்.

மீரா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மேடையில சொன்னியே அம்மா, மகள் போன அன்னிக்கு அழல, கதவச் சாத்திட்டு டீ குடிச்சேன்னு" என்றாள் நார்வேஜிய மொழியில்.

"அது நான் இல்ல. அம்மம்மா சொன்னது. நான் மொழிபெயர்த்தேன்."

"தெரியும். அம்மம்மா பேசினது எனக்கு முழுசா புரியல. நீ சொன்னதுதான் புரிஞ்சுது." ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "உன் குரல்ல அதக் கேட்டப்ப, ஆகஸ்டுல நான் போயிடலாம்னு முதல் தடவையா தோணிச்சு."

முகம் மாறுவது எனக்கே தெரிந்தது. மீரா வழக்கம்போல எழுந்து அறைக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

என் மகள் போன அன்று நான் அழவில்லை என்று தொடங்கினேன். முதல் தடவை 'அழவில்லை' என்ற இடத்திலேயே குரல் உடைந்தது. மீரா காத்திருந்தாள். இரண்டாவது தடவை கதவைச் சாத்துவதுவரை போனேன். மூன்றாவது டேக்கில்தான் சரியாக வந்தது.